சிறிய காரில் தனியாக ட்ரெய்லர் ஹிட்ச் மாட்டிய அனுபவம்: காகிதத்தில் இல்லாத வேலைகள்

சிறிய காரின் பின்னால் ட்ரெய்லர் ஹிட்ச், அதாவது ட்ரெய்லரை இழுக்க உதவும் இரும்பு இணைப்பு, மாட்டுவது ஒரு மணி நேர வேலை என்று கிட்டோடு வரும் காகிதம் சொல்லும். படத்தைப் பார்த்தாலும் அப்படித்தான் தெரியும். ஒரு இரும்புச் சட்டம், நாலைந்து போல்ட், கொஞ்சம் வயர், அவ்வளவுதான். ஆனால் அந்த ஒரு மணி நேரம் என்பது துருவே பிடிக்காத காரை லிஃப்டில் தூக்கி வைத்து, தினமும் இதே வேலையைச் செய்கிற இரண்டு பேர் சேர்ந்து முடிக்கும் நேரம். பல வருடம் மழையிலும் சேற்றிலும் ஓடிய காருக்கு அடியில் மல்லாந்து படுத்துக்கொண்டு ஒற்றை ஆளாகச் செய்யும்போது கணக்கே வேறு. எனக்கு ஒரு வார இறுதி முழுசாகப் போனது, அப்புறம் ஒரு பாகம் வந்து சேரும்வரை கார் ஸ்டாண்டு மேலேயே நின்றது, கருவிகளுக்கும் உதிரிகளுக்கும் போன பணம் ஹிட்சின் விலையில் பாதியைத் தாண்டிவிட்டது. வேலை நன்றாகவே முடிந்தது, ஹிட்ச் உறுதியாக இருக்கிறது, சந்தோஷம்தான். ஆனால் இதில் எது சுலபம், எது உயிரை வாங்கும் என்று முன்பே யாராவது சொல்லியிருந்தால் அந்த நாட்கள் இவ்வளவு எரிச்சலாகப் போயிருக்காது. அதனால்தான் நடந்த வரிசையிலேயே எழுதுகிறேன்.

வாங்குவதற்கு முன்னால் செய்ய வேண்டியதை முதலில் சொல்லிவிடுகிறேன். காரோடு வந்த கையேட்டை எடுத்து, அந்தக் கார் எவ்வளவு எடையை இழுக்கலாம், ஹிட்சின் முனையில் ட்ரெய்லர் வந்து மாட்டிக்கொள்ளும் இரும்புப் பந்தின் மேல் எவ்வளவு எடை இறங்கலாம் என்ற இரண்டு எண்களைத் தேடுங்கள். சில சிறிய கார்களில் இழுக்கவே கூடாது என்று அச்சிட்டிருப்பார்கள். அப்படி இருந்தால் எவ்வளவு வலுவான ஹிட்ச் மாட்டினாலும் பயன் இல்லை, ஏனென்றால் ஹிட்சின் வலுவை வைத்து மட்டும் எதுவும் முடிவாவதில்லை. கிளட்சும் கியர்பாக்ஸும் பிரேக்கும் என்ஜினைக் குளிர்விக்கும் ரேடியேட்டரும் சேர்ந்துதான் அந்த எண்ணைத் தீர்மானிக்கின்றன. அமெரிக்க வகைப்பாட்டில் சிறிய கார்களுக்கு வரும் முதல் வகுப்பு ஹிட்ச் 2000 பவுண்டு, அதாவது ஏறக்குறைய 907 கிலோ வரை இழுக்கலாம் என்றும், பந்தின் மேல் 200 பவுண்டு, அதாவது 90 கிலோ வரை இறங்கலாம் என்றும் போட்டிருக்கும். அதைப் பார்த்து மயங்க வேண்டாம். காரின் கையேட்டில் 450 கிலோ என்று இருந்தால் உங்கள் எல்லை 450தான். கார், ஹிட்ச், பந்து, ட்ரெய்லர் என்று எல்லாவற்றிலும் எது மிகக் குறைவோ அதுவே உங்கள் எண். அதிலும் அந்த 450க்குள் ட்ரெய்லரின் சொந்த எடையும் அடக்கம், காலி ட்ரெய்லரே 150 கிலோ என்றால் சரக்குக்கு மிஞ்சுவது 300தான்.

சைக்கிள் கேரியர் மட்டும்தான் மாட்டப் போகிறேன், எதையும் இழுக்கப் போவதில்லை என்பவர்களும் இந்தக் கணக்கைப் போட வேண்டும். பந்து பின் சக்கரத்தின் அச்சுக்கு ஏறக்குறைய ஒரு மீட்டர் பின்னால் நீட்டிக்கொண்டிருக்கிறது, முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடையே இரண்டரை மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். பந்தின் மேல் 50 கிலோ வைத்தால் பின் அச்சின் மேல் ஏறுவது 50 இல்லை, 70. மிச்ச 20 கிலோ முன் சக்கரத்திலிருந்து பிடுங்கப்பட்டுப் பின்னால் வருகிறது. பெரும்பாலான சிறிய கார்கள் முன் சக்கரத்தால் ஓடுபவை, ஸ்டியரிங்கும் அங்கேதான். பின் இருக்கையில் மூன்று பேர், டிக்கியில் பெட்டிகள், பின்னால் கேரியர் என்று எல்லாம் சேர்ந்தால் கார் மூக்கைத் தூக்கிக்கொண்டு ஓடும், ஈரமான சாலையில் முன் சக்கரங்களின் பிடிப்பும் குறையும், இரவில் ஹெட்லைட் வெளிச்சம் எதிரே வருபவரின் கண்ணில் போய் அடிக்கும். டிக்கியில் இருப்பதை முன்னால் நகர்த்தினாலே நிறைய சரியாகிவிடும்.

ஹிட்ச் வாங்கும்போது காரின் பெயர் மட்டும் போதாது, எந்த வருடம், எந்த வடிவம், ஹாட்ச்பேக்கா செடானா, எந்த என்ஜின் என்பது வரைக்கும் பொருந்த வேண்டும். நடுவில் முகப்பை மாற்றி வெளியிட்ட மாடல்களில் பின் பம்பரும் உள்ளே இருக்கும் இரும்புச் சட்டமும் மாறியிருக்கும். எல்லாக் காருக்கும் பொருந்தும் என்று விற்கப்படுவதைத் தொடாதீர்கள். ஆர்டர் போடுவதற்கு முன்னால் ஒரு டார்ச்சை எடுத்துக்கொண்டு காரின் பின்பக்கம் குனிந்து பாருங்கள், ஃபோனில் நிறையப் படம் எடுத்து வையுங்கள். காரின் இரண்டு பக்கமும் நீளமாக ஓடும் பெட்டி போன்ற இரும்புப் பகுதி இருக்கும், அதுதான் ஹிட்ச் பிடித்துக்கொள்ளும் எலும்பு. அதில் ஏற்கெனவே துளைகள் இருக்கின்றனவா, துளைக்குள் மரை, அதாவது போல்ட் திருகி ஏறும் வரிகள், தெரிகிறதா, சைலன்சர் எவ்வளவு நெருக்கமாக இருக்கிறது, ஸ்பேர் டயர் குழி எங்கே வருகிறது என்றெல்லாம் காகிதத்தில் உள்ள படத்தோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம். இந்தக் காகிதத்தைத் தயாரிப்பாளர்கள் பலரும் வாங்குவதற்கு முன்பே படிக்கக் கொடுக்கிறார்கள். உங்கள் நாட்டில் ஹிட்ச் மாட்ட அனுமதி வேண்டுமா, பதிவுச் சான்றில் எழுத வேண்டுமா, இன்சூரன்ஸுக்குச் சொல்ல வேண்டுமா என்பதையும் இந்தக் கட்டத்திலேயே கேட்டுவிடுங்கள், மாட்டி முடித்த பிறகு கேட்டுப் பயனில்லை.

அந்த டார்ச் வெளிச்சத்தில் மரைகளில் செம்மண் நிறத்தில் துரு தெரிந்தால், வேலை நடக்கப்போகும் நாளுக்குப் பல நாள் முன்பிருந்தே துரு இளக்கும் ஸ்பிரேயைத் தினமும் மாலையில் அடித்து வாருங்கள். இந்த ஒரு வரி அந்தக் காகிதத்தில் இல்லை. இருந்திருந்தால் என் வேலையில் பாதி நேரம் மிச்சமாகியிருக்கும். சிறிய கம்பி பிரஷ் ஒன்றைத் துளைக்குள் விட்டுச் சுழற்றினால் உதிரும் துருவின் அளவைப் பார்த்தே எவ்வளவு போராட வேண்டியிருக்கும் என்று கணித்துவிடலாம். கூடவே பம்பரைப் பிடித்திருக்கும் பிளாஸ்டிக் கிளிப்புகளில் ஒரு பாக்கெட் முன்கூட்டியே வாங்கி வையுங்கள். பழைய கிளிப்புகள் கழற்றும்போது கண்டிப்பாக உடையும், அதற்காக வேலையை நிறுத்திவிட்டு எங்கும் போக முடியாது, கார்தான் ஸ்டாண்டில் நிற்கிறதே.

இப்போது காரைத் தூக்கும் விஷயம். இதில் மட்டும் யாரும் அவசரப்படக் கூடாது. ஜாக் என்பது தூக்குவதற்கு மட்டும்தான், தாங்குவதற்கு இல்லை. ஜாக்கின் மேல் நிற்கும் காருக்கு அடியில் ஒரு கையை நீட்டுவதுகூட வேண்டாம். சமமான, கெட்டியான தரையில் இரண்டு ஜாக் ஸ்டாண்டு வைத்து, கையேடு காட்டும் இடத்தில் பொருத்தி, காரைப் பலமாக அசைத்துப் பார்த்த பிறகே உள்ளே போக வேண்டும். இன்னொன்று, பலருக்கும் தோன்றாத விஷயம்: பெரும்பாலான சிறிய கார்களில் ஹேண்ட்பிரேக் பின் சக்கரங்களைத்தான் பிடிக்கிறது. நாம் தூக்குவதோ பின்பக்கத்தை. பின் சக்கரம் தரையை விட்டு எழும்பிய அடுத்த நொடி ஹேண்ட்பிரேக் எதையும் பிடித்து வைக்கவில்லை, கார் முன் சக்கரத்தில் உருளலாம். அதனால் முன் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை போட்டே ஆக வேண்டும், மேனுவல் காராக இருந்தால் கியரில் விட வேண்டும், ஆட்டோமேட்டிக் என்றால் பார்க்கிங்கில். ஸ்பேர் டயரையோ கழற்றிய சக்கரத்தையோ காருக்கு அடியில் படுக்க வைத்தால் கூடுதல் காவல். தனியாகச் செய்கிறீர்கள் என்றால் வீட்டில் ஒருவரிடம் சொல்லிவிட்டு, அரை மணிக்கு ஒரு தடவை வந்து எட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். நான் சொல்லி வைத்திருந்தேன், ஒவ்வொரு தடவை குரல் கேட்டபோதும் மனசுக்குத் தெம்பாக இருந்தது. ஃபோன் சட்டைப்பையில் இருக்கட்டும். துரு கண்ணில் விழாமல் இருக்கக் கண்ணாடி போட்டுக்கொள்வதும் இங்கேதான் முக்கியம், மல்லாந்து படுத்திருப்பவரின் முகத்துக்கு நேராகத்தான் எல்லாத் துருவும் கொட்டும்.

முதல் உண்மையான வேலை சைலன்சரை இறக்குவது. ஹிட்ச் போய் உட்கார வேண்டிய இடத்தை அது அடைத்துக்கொண்டிருக்கும். முழுதாகக் கழற்ற வேண்டியதில்லை, அதைத் தொங்கவிடும் ரப்பர் வளையங்களைக் கழற்றினால் ஒரு சாண் கீழே இறங்கும், அது போதும். பழைய ரப்பர் இரும்புக் கம்பியோடு ஒட்டிப்போய் இருக்கும், சோப்புத் தண்ணீரோ சிலிக்கான் ஸ்பிரேயோ அடித்து, திருகிக்கொண்டே இழுத்தால் வரும். பெட்ரோலியம் எண்ணெய் எதுவும் ரப்பரில் பட வேண்டாம், ரப்பர் ஊறிக் கெட்டுவிடும். கழற்றுவதற்கு முன்னால் சைலன்சருக்கு அடியில் ஒரு மரக்கட்டையோ இன்னொரு ஜாக்கோ கொடுத்துத் தாங்க வேண்டும். தாங்காமல் விட்டால் முழு எடையும் முன்னால் இருக்கும் வளையும் குழாயிலும் சென்சார் வயரிலும் போய் விழும், அங்கே ஒன்று கிழிந்தால் ஹிட்சை விடப் பெரிய செலவு. எஞ்சின் நன்றாக ஆறியிருக்க வேண்டும் என்பதைச் சொல்லவே வேண்டாம். எனக்கு ஒரு ரப்பர் கையிலேயே இரண்டாகக் கிழிந்து வந்தது. வயதான ரப்பர், எப்படியும் மாற்ற வேண்டியதுதான், ஆனால் அதையும் முன்பே வாங்கி வைத்திருந்தால் ஒரு அலைச்சல் குறைந்திருக்கும்.

அப்புறம் வந்தது அந்த மரை. காரின் இரும்புப் பெட்டிக்குள், கை போக முடியாத இடத்தில், தொழிற்சாலையிலேயே நட்டுகளை வெல்டு செய்து வைத்திருப்பார்கள். வெளியிலிருந்து போல்ட்டைத் திருகினால் போதும், அழகான ஏற்பாடு. ஆனால் வெறுமனே திறந்து கிடந்த துளை வழியாக வருடக்கணக்காகத் தண்ணீரும் உப்பும் மண்ணும் போய், உள்ளே மரை முழுக்கத் துருவால் அடைத்திருந்தது. இடது பக்கம் இரண்டும் கம்பி பிரஷ்ஷுக்கும் ஸ்பிரேக்கும் இறங்கி வந்தன. வலது பக்கம் முன்னால் இருந்தது வரவில்லை. இப்படி அடைத்த மரைக்கு புதிய போல்ட்டை வைத்து முறுக்கவே கூடாது, மரையைச் சுத்தம் செய்யும் டேப் என்ற கருவியை வாங்கி, அரைச் சுற்று உள்ளே, கால் சுற்று வெளியே என்று போய் வந்து, இடையிடையே எண்ணெய் விட்டு, துருவைத் துடைத்து எடுக்க வேண்டும். போல்ட்டின் அளவு மட்டும் பார்த்து டேப் வாங்காதீர்கள், மரைக்கு மரை இடைவெளியும் ஒன்றாக இருக்க வேண்டும், எம்12, அதாவது 12 மில்லிமீட்டர் விட்டமுள்ள போல்ட் என்றால் இடைவெளி 1.75 மில்லிமீட்டரும் உண்டு, 1.5உம் 1.25உம் உண்டு. தப்பான இடைவெளியில் இரண்டு சுற்று போனாலே மரை நாசம்.

நான் சரியான டேப்பை வைத்து, மெதுவாக, பொறுமையாகத்தான் செய்தேன். பாதி ஆழம் போன பிறகு திடீரென்று பிடிப்பு விட்டுச் சுலபமாகச் சுற்ற ஆரம்பித்தது. ஒரு நொடி நிம்மதி. அடுத்த நொடி புரிந்துவிட்டது, மரை இளகவில்லை, உள்ளே வெல்டு விட்டுப்போய் நட்டே கூடச் சுற்றுகிறது. துரு வெல்டையும் தின்றிருந்தது. அந்த நிமிடம் எனக்கு உண்மையிலேயே அழுகை வந்தது. கார் ஸ்டாண்டின் மேல், சைலன்சர் பாதி தொங்குகிறது, திங்கட்கிழமை வேலைக்குப் போக வேறு வண்டி இல்லை, எட்டாத இடத்தில் ஒரு நட்டு சும்மா சுற்றிக்கொண்டிருக்கிறது. இந்த மாதிரி நேரத்தில் செய்யக்கூடிய நல்ல காரியம் வெளியே வந்து, கையைக் கழுவிவிட்டு, அன்றைக்கு வேலையை நிறுத்துவதுதான். களைப்போடும் கோபத்தோடும் காருக்கு அடியில் படுத்து ஒரு இரும்பைப் பலவந்தமாக இழுப்பதில்தான் அடிபடுகிறார்கள்.

இதற்கு வழி இருக்கிறது, அதுவும் புதிதாகக் கண்டுபிடிக்க வேண்டிய வழி இல்லை. வெல்டு நட்டே இல்லாத கார்களுக்கு ஹிட்ச் தயாரிப்பவர்கள் வழக்கமாகக் கொடுக்கும் முறைதான் அது. இரும்புப் பெட்டியில் பக்கத்தில் எங்காவது கொஞ்சம் பெரிய துளை ஒன்று இருக்கும். அதன் வழியாக ஒரு சதுரத் தகட்டையும் போல்ட்டையும் உள்ளே அனுப்பி, ஒரு முனை சுருளாக இருக்கும் நீளக் கம்பியைப் போல்ட்டின் மரையில் மாட்டி, நமக்கு வேண்டிய துளை வழியாக வெளியே இழுக்க வேண்டும். போல்ட்டின் தலை உள்ளே தகட்டின் மேல் உட்காரும், நட்டு வெளியே நம் கைக்கு வரும். ஊசியில் நூல் கோர்ப்பது போலத்தான், முதலில் கம்பி, அதில் தகடு, அப்புறம் போல்ட் என்ற வரிசை தவறினால் தகடு உள்ளே விழுந்துவிடும், காந்தம் வைத்துத்தான் தேட வேண்டும். நான் ஹிட்ச் தயாரித்த நிறுவனத்துக்கே படத்தோடு எழுதிக் கேட்டேன். உடைந்த நட்டை எப்படி அறுத்து எடுப்பது, எவ்வளவு தடிமன் தகடு, எந்த அளவு போல்ட் என்று சொல்லி, அவர்களே அதை அனுப்பியும் வைத்தார்கள். அது வந்து சேரும்வரை கார் நின்ற இடத்திலேயே நின்றது, அதுவரை நான் வேலைக்குப் பேருந்தில் போனேன். இந்த இடத்தில் வீட்டில் கிடக்கும் ஏதோ ஒரு தகட்டையும் கடையில் கிடைத்த ஏதோ ஒரு போல்ட்டையும் போட்டு முடித்துவிடலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். பின்னால் வருகிறவர்களின் உயிர் அந்த ஒரு போல்ட்டில் தொங்குகிறது. தலையில் 8.8 என்று பொறித்திருந்தால் அது குறைந்தது 800 மெகாபாஸ்கல் வரை இழுவிசை தாங்கும் எஃகு என்று அர்த்தம். எந்த எண்ணும் இல்லாத போல்ட் என்ன தாங்கும் என்று யாருக்கும் தெரியாது.

பாகம் வந்த பிறகு ஹிட்சைத் தூக்கிப் பொருத்துவது. சிறிய காரின் ஹிட்ச்கூடப் பதினைந்து கிலோ பக்கம் இருக்கும். நின்றுகொண்டு தூக்கினால் ஒன்றும் இல்லை, படுத்துக்கொண்டு ஒரு கையால் நெஞ்சுக்கு மேலே பிடித்தபடி மறு கையால் போல்ட் தேடுவது வேறு விஷயம். முடிந்தால் இந்தப் பத்து நிமிடத்துக்கு மட்டுமாவது ஒருவரைக் கூப்பிடுங்கள். ஆள் இல்லையென்றால், சுமை கட்டும் பட்டை ஒன்றை டிக்கியின் உள்ளே இருக்கும் கொக்கிகளில் மாட்டி, பம்பருக்குக் கீழே தொட்டில் மாதிரி விட்டு, ஹிட்சின் ஒரு முனையை அதில் உட்கார வைத்துவிட்டு, மறு முனையை ஜாக்கால் தூக்கலாம். நான் அப்படித்தான் செய்தேன், நன்றாகவே வேலை செய்தது. பம்பரின் பெயின்ட் உரசாமல் ஒரு பழைய துணி மட்டும் இடையில் வையுங்கள். எல்லாப் போல்ட்டையும் விரலால் திருக முடிந்த அளவு திருகிய பிறகே ஸ்பேனரைத் தொட வேண்டும். ஒன்றை முறுக்கிவிட்டு மற்றதைத் தேடினால் துளைகள் நேராக வராது, அப்போது கோணலாக ஏறும் போல்ட் மரையைக் கெடுக்கும்.

முறுக்குவதற்கு டார்க் ரெஞ்ச், அதாவது எவ்வளவு விசையில் முறுக்குகிறோம் என்று காட்டும் ஸ்பேனர், கட்டாயம் வேண்டும். கை பலத்தை நம்ப முடியாது, படுத்த நிலையில் கை சொல்லும் அளவு நின்ற நிலையில் சொல்வதிலிருந்து ரொம்ப வித்தியாசப்படும். 8.8 வகை எம்10 போல்ட்டுக்குப் பொதுவாக 45 முதல் 50 நியூட்டன் மீட்டர் வரை, எம்12 என்றால் 80க்கும் 90க்கும் இடையில் வரும், ஆனால் உங்கள் காகிதத்தில் அச்சிட்ட எண்ணே கடைசிச் சொல். மரையில் கிரீஸ் தடவலாமா என்பதையும் காகிதத்தைப் பார்த்தே முடிவு செய்யுங்கள். காய்ந்த மரைக்கென்று கொடுத்த எண்ணைக் கிரீஸ் போட்ட மரையில் வைத்தால் போல்ட் அளவுக்கு மீறி இழுபட்டுவிடும். முறுக்கி முடித்த ஒவ்வொரு போல்ட்டின் தலையிலிருந்து ஹிட்ச் வரைக்கும் பெயின்ட் மார்க்கரால் ஒரு கோடு இழுத்து வையுங்கள், பிறகு ஒரு பார்வையிலேயே எது அசைந்திருக்கிறது என்று தெரியும். துளை போட்ட இடம், அரைத்த இடம், பெயின்ட் உரிந்த இடம் எல்லாவற்றிலும் துருத் தடுப்பு பிரைமர் அடித்து, பெட்டிக்குள் மெழுகு ஸ்பிரே விடுங்கள். அந்த வெல்டு நட்டைத் தின்ற துரு வந்த வழி அதுதான்.

பம்பரில் துண்டு வெட்ட வேண்டிய மாடல் என்றால், மேலே மாஸ்கிங் டேப் ஒட்டி, நடுக்கோடு குறித்து, சொன்னதை விடச் சின்னதாக முதலில் வெட்டி, வைத்துப் பார்த்துப் பெரிதாக்கலாம். என் காரில் கீழ் விளிம்பில் மட்டும் கொஞ்சம், சீக்கிரம் முடிந்தது.

வயரிங்தான் என் பொறுமையை இரண்டாவது தடவை சோதித்தது. ட்ரெய்லர் பக்கம் நான்கு வயர் கனெக்டராக இருந்தால் வெள்ளை எர்த், பழுப்பு பின் விளக்கு, மஞ்சள் இடது, பச்சை வலது. ஏழு பின் கனெக்டரிலும் மஞ்சள் இடது, பச்சை வலது, வெள்ளை எர்த் என்பது பெரும்பாலும் மாறாது. ஆனால் நான்கு வயர் முறையில் பிரேக் விளக்கும் இண்டிகேட்டரும் ஒரே வயரில் வருகின்றன. காரில் இண்டிகேட்டர் தனியாக மஞ்சளாக எரிகிறது என்றால் இரண்டையும் சேர்த்துக் கொடுக்கும் மாற்றுப் பெட்டி ஒன்று வேண்டும். எனக்குக் கிட்டோடு வந்த பெட்டி, கார் விளக்கு வயரிலிருந்தே மின்சாரம் எடுக்கும் பழைய வகை. இப்போதைய கார்களில் விளக்குகளை ஒரு கணினி கவனிக்கிறது. ட்ரெய்லரின் ஒவ்வொரு பிரேக் பல்பும் 21 வாட் என்றால் 12 வோல்ட்டில் அது ஏறக்குறைய ஒன்றே முக்கால் ஆம்பியர், இரண்டுக்கும் மூன்றரை. அந்தக் கூடுதல் இழுப்பைக் கணினி கோளாறு என்று எடுத்துக்கொண்டு விளக்கையே அணைத்துவிடும், மோசமாகப் போனால் கணினியே பழுதாகும். அதற்கு, விளக்கு வயரிலிருந்து சமிக்ஞையை மட்டும் வாங்கிக்கொண்டு மின்சாரத்தை நேராக பேட்டரியிலிருந்து ஃபியூஸ் வழியாக எடுக்கும் பெட்டி வாங்க வேண்டும். அந்த வயரை முன்னாலிருந்து பின்னால் வரை கொண்டுவருவது சைலன்சர் சூட்டுக்கும் சஸ்பென்ஷன் அசைவுக்கும் எட்டாமல் செய்ய வேண்டிய நிதானமான வேலை. பழைய பெட்டியைத் திருப்பி எடுக்க மறுத்துவிட்டார்கள், அந்தப் பணம் போனதுதான். உங்கள் கார் எந்த வகை என்று தெரிந்துகொண்டு பெட்டியைத் தனியாக வாங்குங்கள், கிட்டில் சேர்ந்து வருகிறதே என்று எடுக்காதீர்கள். வேலை ஆரம்பிக்கும் முன் பேட்டரியின் நெகட்டிவ் கழன்றிருக்க வேண்டும்.

எல்லாம் இணைத்த பிறகு இடது இண்டிகேட்டர் போட்டால் ட்ரெய்லரின் பின் விளக்குகள் இரண்டும் மங்கலாகத் துடித்தன, பிரேக்கை மிதித்தால் இண்டிகேட்டர் சரியாக வரவில்லை. வயரை மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்து ஒரு மாலை முழுதும் போனது. இந்த அறிகுறியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்: ஒரு விளக்கு எரியும்போது சம்பந்தமே இல்லாத இன்னொன்றும் சேர்ந்து மினுங்கினால் பெரும்பாலும் எர்த் சரியில்லை. திரும்பிப் போக நல்ல வழி கிடைக்காத மின்சாரம் மற்ற பல்புகள் வழியாகச் சுற்றிப் போகிறது. என் ட்ரெய்லரில் கனெக்டரின் வெள்ளை வயர் பெயின்ட்டுக்கு மேலே திருகப்பட்டிருந்தது, விற்றவர் அப்படியே கொடுத்திருக்கிறார். பெயின்ட்டைச் சுரண்டி, பளபளப்பான இரும்பு தெரிந்த பிறகு திருகி, மேலே கிரீஸ் பூசினேன், உடனே சரியானது.

பந்தின் அளவில் விட்டுக்கொடுக்கவே முடியாது. பல நாடுகளில் 50 மில்லிமீட்டர், அமெரிக்க அளவில் 1⅞ அங்குலமும் 2 அங்குலமும், மில்லிமீட்டரில் சொன்னால் 47.6உம் 50.8உம். கண்ணுக்கு மூன்றும் ஒன்றுபோலத் தெரியும். பெரிய கொக்கி, அதாவது ட்ரெய்லரின் முன்முனையில் பந்தைக் கவ்வும் பகுதி, சின்னப் பந்தின் மேல் உட்காரும், பூட்டியது போலவும் இருக்கும், ஒரு மேட்டில் ஏறி இறங்கும்போது கழன்று வரும். பந்தின் மேலும் கொக்கியின் மேலும் அளவு பொறித்திருப்பதை வாசித்துப் பாருங்கள். மாட்டிய பிறகு ட்ரெய்லரின் முன் கால் ஜாக்கால் கொக்கியை மேலே தூக்கிப் பார்த்தால், காரின் பின்பக்கமும் கூடவே எழும்ப வேண்டும். காப்புச் சங்கிலி இருந்தால் இரண்டையும் கொக்கிக்கு அடியில் குறுக்காக மாட்டுங்கள், கழன்றாலும் மூக்கு தரையில் குத்தாமல் அந்தச் சங்கிலித் தொட்டிலில் விழும்.

சரக்கு ஏற்றும் முறையையும் முதல் ஓட்டத்துக்கு முன்பே பழகிக்கொள்ள வேண்டும். கனமானதை ட்ரெய்லரின் அச்சுக்கு மேலேயும் கொஞ்சம் முன்னாலேயும் வையுங்கள். பந்தின் மேல் இறங்கும் எடை மொத்த ட்ரெய்லர் எடையில் 10 முதல் 15 சதவீதம் என்பது அமெரிக்க வழக்கம், ஐரோப்பாவில் 5 முதல் 7 சதவீதம் என்பார்கள், உங்கள் காரின் எல்லையைத் தாண்டாமல் அதற்குள் நில்லுங்கள். சின்ன ட்ரெய்லர் என்றால் வீட்டில் எடை பார்க்கும் இயந்திரமே போதும், அதன் மேல் ஒரு மரக்கட்டையை நிற்க வைத்து, கொக்கியைப் பந்து இருக்கும் அதே உயரத்தில் கட்டையின் மேல் இறக்கினால் எண் தெரிந்துவிடும். கனத்தைப் பின்னால் வைத்தால் வேகம் ஏற ஏற ட்ரெய்லர் வாலாட்ட ஆரம்பிக்கும், சிறிய காரையே இழுத்துக்கொண்டு ஆடும். அப்படி ஆடினால் பிரேக்கை அழுத்தி மிதிக்காமல், ஸ்டியரிங்கை எதிர்த்துத் திருப்பாமல், நேராகப் பிடித்துக்கொண்டு ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுங்கள், வேகம் குறைந்தால் ஆட்டம் அடங்கும். அப்புறம் ஓரமாக நிறுத்திச் சரக்கை முன்னால் மாற்றுங்கள்.

முதலில் காலியாக, பக்கத்துத் தெருக்களில் மட்டும் ஓட்டிப் பார்த்தேன். திரும்பி வந்து பார்த்தபோது பெயின்ட் கோடுகளில் ஒன்று மட்டும் முடி அளவு விலகியிருந்தது, புதுத் தகடு வைத்த அதே இடம். தகடு அமுங்கி உட்கார்ந்திருக்கிறது, சகஜம்தான், டார்க் ரெஞ்சால் மறுபடி அளவுக்கு முறுக்கினேன். கொஞ்சம் சுமையோடு ஓட்டிய பிறகு இன்னொரு தடவை எல்லாப் போல்ட்டையும் சரிபார்க்கச் சொல்லிக் காகிதமும் சொல்லும், அதைத் தவிர்க்காதீர்கள். பார்க்கிங் சென்சார் இருக்கும் காரில் பந்து நீட்டிக்கொண்டிருந்தால் ரிவர்ஸில் சத்தம் விடாமல் வரும், கழற்றக்கூடிய பந்து என்றால் வேலை முடிந்ததும் கழற்றி டிக்கியில் வைத்துவிடுங்கள், இருட்டில் முழங்காலும் தப்பிக்கும்.